என் மலைகள் ஏன் பிளாஸ்டிக் பொம்மை போலத் தெரிகின்றன?

பாலக்கோட்டுக்கு அருகிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "கணினியில் கற்பனை நிலக்காட்சிகள் உருவாக்க ஆசைப்படுகிறேன். என்னிடம் எட்டு ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி இருக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. காணொளிகளைப் பார்த்து பிளெண்டர் என்னும் இலவச முப்பரிமாண மென்பொருளில் மலை செய்தேன். எவ்வளவு முயன்றாலும் அது பிளாஸ்டிக் பொம்மை போலவே இருக்கிறது. விலை கொடுத்து வேறு மென்பொருள் வாங்கினால் சரியாகுமா?"

எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் முதல் பதில். ஓசூரில் கட்டட முன்தோற்றப் படங்கள் செய்யும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். கட்டடத்தின் பின்னால் வரும் குன்றும் மரமும் வானமும் அந்தத் தொழிலில் பாதி வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மலையின் அளவு, அதன் மேற்பரப்பின் பளபளப்பு, அதன் வடிவத்தைத் தரும் கணக்கு ஆகிய மூன்றையும் மென்பொருள் கொடுத்த தொடக்க நிலையிலேயே விட்டுவிடுவதால்தான் பொம்மைத்தன்மை வருகிறது. முதல் இரண்டையும் இன்று மாலைக்குள் சரிசெய்துவிடலாம். மூன்றாவதைக் கற்க நாளாகும். ஆகவே இந்தப் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

பிளெண்டரில் ஏ.என்.டி. லேண்ட்ஸ்கேப் என்னும் துணைநிரலைக் கொண்டு மலை செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது தரும் நிலம் தொடக்கத்தில் இரண்டு மீட்டர் நீள அகலமே உடையது. சாப்பாட்டு மேசை அளவுள்ள நிலத்தைக் கேமரா பார்த்தால், மேசைமேல் வைத்த பொம்மை போலத்தான் அது தெரியும். உங்கள் மலை மூன்று கிலோமீட்டர் அகலம் என்றால் மூவாயிரம் மீட்டர் என்றே எண்ணைக் கொடுங்கள். கேமராவின் தொலைவெல்லையையும் அதற்கேற்ப உயர்த்துங்கள், இல்லையென்றால் தொலைவில் உள்ளவை வெட்டுப்பட்டு மறைந்துவிடும். அடுத்து, கேமராவைத் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில், நின்று பார்க்கும் மனிதரின் கண் இருக்கும் இடத்தில் வையுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் தாங்கள் செய்த நிலம் முழுவதும் தெரிய வேண்டும் என்ற ஆசையில் கேமராவை வானத்தில் ஏற்றிவிடுகிறார்கள். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை பழையபேட்டைத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். அதே மலை வானூர்தியிலிருந்து எடுத்த படத்தில் ஒரு கூழாங்கல்லாகிவிடுகிறது.

பளபளப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேற்பரப்பின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பிளெண்டரின் பொதுவான ஷேடரில், சொரசொரப்பைக் குறிக்கும் ரஃப்னெஸ் என்னும் மதிப்பு 0.5 என்று இருக்கும். அதை 0.9-க்குக் கொண்டுபோங்கள், காய்ந்த பாறையும் செம்மண்ணும் அவ்வளவு மங்கலானவை. மழையில் நனைந்த பாறைக்கு மட்டும் மதிப்பைக் குறைக்கலாம்.

இனி வடிவத்துக்கு வருவோம். கணினியில் மலையைக் கையால் செதுக்காமல் கணக்கால் உருவாக்கலாம் என்ற எண்ணத்துக்கு வழி திறந்தவர் பெனுவா மாண்டல்பிராட். 1975-இல் ‘ஃபிராக்டல்’ என்ற சொல்லை அவர் உருவாக்கினார். பெரிய வடிவத்தின் கரடுமுரடு அதன் சிறு துண்டிலும் திரும்ப வருவதை அச்சொல் குறிக்கிறது. அக்கருத்தைத் திரையில் மலையாக்கிக் காட்டியவர்களில் முக்கியமானவர், அப்போது போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய லோரன் கார்பென்டர். ஒரு முக்கோணத்தை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் சிறிது மேலோ கீழோ நகர்த்தி, கிடைக்கும் சிறு முக்கோணங்களுக்கும் அதையே செய்துகொண்டு போகும் முறையில் அவர் உருவாக்கிய மலைகளின் மேல் பறந்து செல்லும் இரண்டு நிமிடக் குறும்படம், 1980-இல் சிக்ராஃப் என்னும் கணினி வரைகலை மாநாட்டில் காட்டப்பட்டது. சீரற்ற ஏற்ற இறக்கங்களைக் கணக்கால் தருவதற்குக் கென் பெர்லின் 1985-இல் வெளியிட்ட நாய்ஸ் முறைதான் இன்று நீங்கள் பயன்படுத்தும் எல்லா மென்பொருளிலும் ஏதோ ஓர் உருவில் இருக்கிறது. அதன் தத்துவம் எளிது. அகலமான, உயரமான ஓர் அலை. அதன்மேல் பாதி அகலமும் பாதி உயரமும் உள்ள இன்னோர் அலை. அதன்மேல் அதிலும் பாதி. இப்படி எட்டுப் பத்து அடுக்குகளைக் கூட்டினால் மலை, மலையின் மேல் மேடு, மேட்டின் மேல் பாறை, பாறையின் மேல் சொரசொரப்பு என்று வந்துவிடுகிறது. உங்கள் மலை வழுவழுவென்று இருந்தால் அடுக்குகள் போதவில்லை என்று பொருள்.

அடுக்குகளைக் கூட்டியும் ஒரு குறை எஞ்சும். பள்ளமும் உச்சியும் ஒரே அளவு கரடுமுரடாக இருக்கும். உண்மை நிலத்தில் அப்படி இருப்பதில்லை. பள்ளத்தில் வண்டல் வந்து நிரம்பி மிருதுவாகிறது, உச்சி வெயிலிலும் மழையிலும் கூர்மையாகவே நிற்கிறது. இதைக் கவனித்து, தாழ்ந்த இடத்தில் சிற்றலைகளை அடக்கியும் உயர்ந்த இடத்தில் ஓங்கச் செய்தும் கணக்கை மாற்றியவர் கென் மஸ்கிரேவ். மாண்டல்பிராட்டிடம் பயின்ற அவர், மழைநீர் மண்ணை அரித்துச் செல்வதைக் கணினியில் போலச்செய்யும் முறையையும் 1989-இல் இருவருடன் சேர்ந்து வெளியிட்டார். பழைய காணொளிகளில் அவர் பெயராலேயே ஒரு நோட் (ஒரு கணக்கைச் செய்யும் கட்டம்) வருவதைப் பார்த்திருப்பீர்கள். பிளெண்டர் 4.1 பதிப்பிலிருந்து அது தனியாக இல்லை; நாய்ஸ் டெக்ஸ்சர் நோட்டுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது, அங்கே வகையை மாற்றிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் பலர் பல மணி நேரம் தேடுகிறார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் உங்களுக்குக் கிடைக்கப்போவது பனி படிந்த ஐரோப்பிய மலை. இந்தக் கணக்குகளும் அவற்றுக்கான தொடக்க மதிப்புகளும் முகடு முகடாக மடிந்து கிடக்கும் இளமையான மலைத்தொடர்களை நினைவில் வைத்து வளர்ந்தவை. நம் கண்ணுக்குப் பழகிய நிலம் வேறு. பாலக்கோட்டிலிருந்து இராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு வரும்போது இரு பக்கமும் பாருங்கள். சமவெளி ஏறத்தாழத் தட்டையாக வந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு கரடு, அதாவது தனிப் பாறைக் குன்று, செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதன் ஒரு பக்கம் மொழுமொழுவென்ற ஒற்றைப் பாறை. மறுபக்கம் யாரோ அடுக்கி வைத்தது போல உருண்டைப் பாறைகள். அடிவாரத்தில் மட்டும் அடர்ந்த பச்சை வளையம். இந்த வடிவத்தை எந்த மென்பொருளும் ஒரு பொத்தானில் தராது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் நாமே செய்துவிடலாம்.

பூமிக்கடியில் பெரும் அழுத்தத்தில் உருவான கெட்டிப் பாறை, மேலே இருந்த பாரம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்டு விலகியபோது, மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாக விரிசல் விட்டது. அத்தகடுகள் வெங்காயத் தோல் போல உரிந்து விழுவதால்தான் கரட்டின் உடல் வளைவாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது. நெடுக்கும் குறுக்குமாக விரிசல் விட்ட இடங்களில் நீர் இறங்கி, மண்ணுக்கடியிலேயே பாறைக் கட்டங்களின் மூலைகளைக் கரைத்து உருண்டையாக்கியது. பிறகு சுற்றியிருந்த மண் கழுவிப்போனதும் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே நின்றுவிட்டன. கரட்டின்மேல் விழும் மழையில் பெரும்பகுதி பாறையில் தங்காமல் அடிவாரத்துக்கு ஓடிவருகிறது; அதனால் அங்கே மண்ணும் ஈரமும் சேர்ந்து பச்சை வளையம் உண்டாகிறது. நீர் வழிந்த தடங்களில் கறுப்புத் தாரைகள் படிகின்றன.

இதை அப்படியே கணினிக்குச் சொல்ல வேண்டியதுதான். முதலில் ஓரிரு பாகைச் சரிவுள்ள சமவெளியைச் செய்யுங்கள். நாய்ஸின் மதிப்பு ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேல் போகும் இடங்களில் மட்டும் நிலம் திடீரென்று உயருமாறு, கலர் ராம்ப் அல்லது ஃப்ளோட் கர்வ் நோட்டில் செங்குத்தான வளைவு கொடுங்கள். சமவெளியும் கரடும் சந்திக்கும் அந்த ஒடிவு கூர்மையாக இருக்க வேண்டும், உச்சி மட்டும் தணிந்து வளைய வேண்டும். கரட்டின் உடலில் சிற்றலை அடுக்குகளைக் குறைத்துவிடுங்கள். சரிவு நாற்பது பாகைக்கு மேல் உள்ள இடத்தில் பாறை, அதற்குக் கீழே மண் என்று இடம் பிரித்துக் காட்டும் ஒரு மாஸ்க் போடுங்கள். தளர்ந்த மண்ணும் சரளையும் சுமார் 35 பாகைக்கு மேற்பட்ட சரிவில் நிற்காது என்பதால் இந்தப் பிரிப்பு இயற்கையாகவே இருக்கும்.

உருண்டைப் பாறைகளுக்கு வேறு வழி வேண்டும். உயரப்படம் எனப்படும் ஹைட்மேப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஓர் உயரம்தான் உண்டு. ஒரு பாறைக்குக் கீழே இடைவெளி, அதற்குக் கீழே இன்னொரு பாறை என்று அதனால் சொல்லவே முடியாது. ஆகவே ஐந்தாறு பாறைகளைத் தனி மெஷ்ஷாக (முப்பரிமாண உருவாக) செய்துகொண்டு, ஜியோமெட்ரி நோட்ஸ் கொண்டு சரிவின் அடியில் தூவுங்கள். திருப்பியும் சிறிதும் பெரிதுமாக்கியும் வைத்தால் ஐந்து பாறை ஐந்நூறாகத் தெரியும். உச்சியில் நிற்கும் அடுக்குகளை மட்டும் கையால் அடுக்குங்கள். ரிஜிட் பாடி வசதியைக் கொண்டு பாறைகளை விழவிட்டுத் தாமாக அமரச் செய்யலாம் என்று சொல்வார்கள். செய்து பார்த்திருக்கிறேன், கொட்டிய ஜல்லிக் குவியல் போலத்தான் வருகிறது. நம் பாறைகள் விழுந்தவை இல்லை, இருந்த இடத்திலேயே எஞ்சியவை. அந்த நிற்றல் கைக்குத்தான் வரும்.

இதைச் செய்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்க் கரட்டை நான்கு புறமும் சுற்றிப் படம் எடுத்து வையுங்கள். கல் உடைக்கப்பட்டு, துளையிட்ட நேர்க்கோட்டு முகங்களாக மாறிவிட்ட கரடுகள் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் இருக்கின்றன. முழுதாக நிற்பவற்றை யாராவது பொறுமையாகப் பார்த்துப் பதிவுசெய்வது, கற்பனைப் படத்துக்கும் அப்பால் பயனுள்ள வேலை என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

உயரப்படத்தைச் சேமிக்கும்போது ஒரு தவறு நேரும். நானும் செய்திருக்கிறேன், அதனால் ஒரு வாரம் வீணானது. சாதாரணப் படங்களைப் போல எட்டு பிட்டில் சேமித்தால் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள்தான் கிடைக்கும். ஐந்நூறு மீட்டர் உயர மலையில் ஒரு படி என்பது ஏறத்தாழ இரண்டு மீட்டர். மலைச்சரிவு முழுவதும் நெல்வயல் அடுக்கு போலப் படிகள் விழுந்துவிடும். பதினாறு பிட்டில் 65,536 படிகள் கிடைப்பதால் ஒரு படி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆகவே எப்போதும் பதினாறு பிட் பிஎன்ஜி அல்லது டிஃப் கோப்பாகச் சேமியுங்கள்.

உங்கள் மடிக்கணினி தாங்குமா என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1024-க்கு 1024 புள்ளிகள் உள்ள நிலம் என்பது பத்தரை லட்சம் புள்ளிகள். எட்டு ஜிபி நினைவகம் அதைத் தாங்கும். 4096-க்கு 4096 என்று போனால் ஒரு கோடியே அறுபத்தெட்டு லட்சம், கணினி திணறும். அருகில் உள்ள நிலத்தை மட்டும் நுணுக்கமாகவும், தொலைவில் உள்ளதைப் பரும்படியாகவும் தனித்தனியே செய்யுங்கள். வடிவம் முடியும்வரை நிறமே கொடுக்காமல், சாம்பல் நிறத்தில் ஒரு சூரியனை மட்டும் வைத்துச் சிறிய அளவில் ரெண்டர் செய்து, அதாவது படமாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நன்றாக இல்லாத மலை எந்த வண்ணத்திலும் நன்றாக வராது. இறுதிப் படத்தை, பிளெண்டரின் ரெண்டர் கருவியான சைக்கிள்ஸில் குறைந்த சாம்பிளுடன், புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்கும் டீநாய்ஸ் வசதியைச் சேர்த்து இரவில் ஓடவிடலாம். டெர்ராஜென், கையா, வேர்ல்ட் மெஷின் ஆகியவை நிலக்காட்சிக்கான நல்ல கருவிகள், கட்டுப்பாடுகளுடன் கூடிய இலவசப் பதிப்புகளும் அவற்றுக்கு உண்டு. பிளெண்டரில் ஆறு மாதம் பழகியபின் டெர்ராஜெனைத் தொட்டுப் பாருங்கள், அதன் வானம் அழகானது.

வானத்தைச் சொன்னதும் ஒளிக்கு வந்துவிட வேண்டும். நம் அகத்திணை மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, மரம், விலங்கு, பறவை முதலியவற்றைக் கருப்பொருளாக அதன்பின் வைக்கிறது. நிலக்காட்சி செய்பவருக்கு இதைவிட நல்ல வேலை வரிசையை நான் கண்டதில்லை. நிலம் முடிந்ததும் பொழுதை முடிவு செய்யுங்கள். அதற்கு முன் ஒரு செடிகூட வைக்காதீர்கள். நாம் 12.5 பாகை வட அகலாங்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. நிழல் காலடிக்குள் சுருங்க, கரடு தன் உருவத்தையே இழந்து தட்டையாகத் தெரிகிறது. சூரியன் 15 பாகை உயரத்தில் இருக்கும் காலையிலோ மாலையிலோ நிழல் பொருளின் உயரத்தைப் போல மூன்றே முக்கால் மடங்கு நீள்கிறது. பாறையின் ஒவ்வொரு வளைவும் அப்போதுதான் பேசும்.

தொலைவைக் காட்டுவது காற்று. நீல ஒளி சிவப்பு ஒளியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகக் காற்றில் சிதறுவதால், நமக்கும் மலைக்கும் இடையில் உள்ள காற்றே நீலமாக ஒளிர்ந்து மலையின் கருமையை மூடுகிறது. அடுத்தடுத்து நிற்கும் மலைகளில் ஒவ்வொன்றும் முன்னதைவிட வெளிறி நீலமாவது இதனால்தான். கோடையில் தூசி மிகுந்து நீலம் வெண்மையாகிவிடும். ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் காலையில் தொலைமலைகூட அருகில் வந்து நிற்கும். காற்றை முழுமையாகப் போலச்செய்யும் வால்யூம் முறை உங்கள் கணினிக்குப் பெரும் சுமை. அதற்குப் பதிலாக மிஸ்ட் பாஸ் என்னும் தொலைவுப் படத்தை ரெண்டருடன் எடுத்து, படங்களைக் கலக்கும் கம்பாசிட்டரில் அடிவானத்தின் நிறத்துடன் கலந்துவிடுங்கள். சில வினாடியில் முடிந்துவிடும். பொம்மைத்தன்மையைப் போக்குவதில் இந்த ஒரு படிக்கு இணையாக வேறெதுவும் இல்லை.

கருப்பொருளில் சிக்கனமாக இருங்கள். அடிவார வளையத்தில் முட்புதர், சமவெளிக் கொல்லையில் கேழ்வரகோ துவரையோ, சாலையோரம் புளி, ஒரு மாந்தோப்பு போதும். மாந்தோப்பு மரங்கள் மட்டும் வரிசையாக நிற்கட்டும், மற்றவை தம் விருப்பப்படி. ஏரி வைத்தால் கரை தாழ்ந்த பக்கத்தில்தான் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

இவ்வளவும் உண்மை நிலத்தைப் பற்றியதாக இருக்கிறதே, கற்பனை எங்கே என்று கேட்பீர்கள். ஒரே ஒரு விதியை மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அந்த மாற்றத்துக்குக் கட்டுப்படச் செய்தால் கற்பனை நிலம் நம்பும்படி அமைகிறது என்பது என் முடிவு. இரண்டு நிலவு, மிதக்கும் பாறை, ஊதாக் காடு என்று எல்லாவற்றையும் ஒரே படத்தில் மாற்றினால் பார்ப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. உங்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்த நில உயரத் தரவு, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் இலவசமாகக் கிடைக்கிறது. கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து உருவாக்கிய தரவு இஸ்ரோவின் புவன் தளத்தில் இருக்கிறது. கியூஜிஐஎஸ் என்னும் இலவச வரைபட மென்பொருளில் திறந்து, நம் இரு மாவட்டங்களையும் சேர்த்து வெட்டி, பதினாறு பிட் உயரப்படமாக பிளெண்டருக்குக் கொண்டுவாருங்கள். நூறு மீட்டர் அகலக் கரட்டுக்கு மூன்று நான்கு புள்ளிகள்தான் இருக்கும் என்பதால் பாறை நுணுக்கத்தை மேலே சொன்ன முறையில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பிறகு, இன்றைய 600 மீட்டர் உயரத்தில் ஒரு கடலை விரியுங்கள்.

கிருஷ்ணகிரியும் தருமபுரியும் நீருக்கடியில் போகும். சுமார் 900 மீட்டரில் இருக்கும் ஓசூர் மேட்டுநிலம் கரைக்கு மேலே நிற்கும். கரடுகளின் தலைகள் உருண்டைப் பாறைகளோடு தீவுகளாகும். தென்பெண்ணை ஓசூருக்கும் இன்றைய கிருஷ்ணகிரி அணைக்கும் இடையில் எங்கோ கடலைச் சந்திக்கும். கடல் அந்தப் பள்ளத்தாக்குக்குள் நீண்ட உப்பங்கழியாகப் புகுந்திருக்கும். மழைக்காலத்தில் ஆறு கொண்டுவரும் செம்மண் அந்தக் கழியின் நீரைக் கலக்கியிருக்கும். ஒகேனக்கல்லில் பரிசலில் அமர்ந்து பார்த்திருந்தால் தெரியும், குனிந்து பார்க்கும் நீரில் ஆற்றின் நிறமும் தொலைவு நீரில் வானத்தின் நிறமும் இருக்கும். உங்கள் கடலுக்கும் அது பொருந்த வேண்டும். அலை மோதும் கோட்டுக்குக் கீழே பாறையில் கறுப்புத் தாரை இருக்காது, ஈரப்பளபளப்பு இருக்கும். முதல் வேலையாக, 600 மீட்டர் சமஉயரக் கோடு தென்பெண்ணையை எங்கே வெட்டுகிறது என்று கியூஜிஐஎஸ்ஸில் கண்டுபிடியுங்கள். கேமராவை அங்கே, கழியின் கரையில், 1.6 மீட்டர் உயரத்தில் வையுங்கள்.